மக்காச்சோளத்தில் சொந்தமாக வீரிய ஒட்டு உருவாக்கப் பெற்றோர் வரிசைகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: வெள்ளாற்றங்கரை (திட்டக்குடி)

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மங்களூர் ஒன்றியத்தில், மானாவாரி மக்காச்சோளம் பயிரிடும் உழவர்கள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து இயங்கி வருகிறோம். புரட்டாசிப் பட்டத்தில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பயிரை வளர்த்து, தை மாதத்தில் அறுவடை செய்வது எங்கள் பகுதியின் வழக்கம். வீரிய ஒட்டு விதைக்கு ஆண்டுதோறும் ஆகும் செலவு ஏறிக்கொண்டே போவதால், எங்களுக்கான வீரிய ஒட்டை நாங்களே உருவாக்கிக்கொள்ள இயலுமா என்று எண்ணி, சிறிய அளவில் வேலையைத் தொடங்கியிருக்கிறோம்.

தனியார் நிறுவனத்தின் வீரிய ஒட்டு ஒன்றை விதைத்து, நல்ல செடிகளின் கதிர்களுக்கு உறையிட்டு, அந்தந்தச் செடியின் மகரந்தத்தை அதற்கே இட்டு விதை எடுத்து வருகிறோம். இப்போது மூன்றாம் தலைமுறை, ஒவ்வொரு கதிரின் வழித்தோன்றலும் தனித்தனி வரிசையாக, வயலில் நிற்கிறது. செடிகள் குட்டையாகியிருக்கின்றன, கதிர்கள் சிறுத்துவிட்டன, சில வரிசைகளில் வெளிறிய நாற்றுகளும் தோன்றின. இருப்பினும், இரண்டு மூன்று வரிசைகள் மட்டும் திடமாக நிற்கின்றன.

என் கேள்விகள் இவை. கடையில் வாங்கிய வீரிய ஒட்டின் தானியத்தையே மறுபடி விதைத்தால் விளைச்சல் குறைவது ஏன், அந்தக் குறைவு ஆண்டுதோறும் தொடருமா? இப்போது திடமாக நிற்கும் வரிசைகளில் சிறந்த இரண்டை ஒன்றோடொன்று கலந்தால், மூல வீரிய ஒட்டின் விளைச்சலோ அதற்கு மேலோ கிடைக்குமா? நூற்றுக்கணக்கான வரிசைகளை வைத்திருக்கும் ஆராய்ச்சி நிலையங்கள், எந்த இரண்டைச் சேர்த்தால் விளைச்சல் கூடும் என்பதை எப்படிக் கண்டுபிடிக்கின்றன?

---

பதில்: கொள்ளிடத்தான் (சிதம்பரம்)

நண்பருக்கு வணக்கம். பயிர்ப் பெருக்கம் பயிற்றுவித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். செடிகள் குட்டையானதைக் கண்டு நீங்கள் வருந்த வேண்டியதில்லை. அது அப்படித்தான் நிகழும்.

மக்காச்சோளத்தில் ஆண்பூக் கொத்து உச்சியிலும் கதிர் நடுத்தண்டிலும் தனித்தனியே இருப்பதால், காற்றில் மிதந்து வரும் பிற செடிகளின் மகரந்தமே பெரும்பாலும் பட்டிழைகளின் மேல் விழுகிறது. இதனால் ஒவ்வொரு செடியும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, வேறுபட்ட மரபணுப் பிரதிகளைத் தாங்கி நிற்கிறது. ஒரு பிரதி குறையுடையதாயினும் மற்றொன்று அதை மறைத்துவிடும். நீங்கள் உறையிட்டுத் தற்கலப்புச் செய்யும்போது இந்த வேறுபாடு ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறைகிறது. மூன்று முறை செய்தால் எட்டில் ஒரு பங்கும், ஆறு முறை செய்தால் அறுபத்து நான்கில் ஒரு பங்கும்தான் எஞ்சும். மறைந்திருந்த குறைகள் வெளிப்பட, வெளிறிய நாற்றுகளும் சிறுத்த கதிர்களும் தோன்றுகின்றன. அவற்றைக் கழித்துவிட்டு, எஞ்சும் நிலையான வரிசைகளைக் குறுக்கே கலந்தால் இழந்த வீரியம் திரும்புகிறது என்பதை அமெரிக்காவில் ஜார்ஜ் ஷல் 1908, 1909 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் தெளிவாக்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் எட்வர்ட் ஈஸ்ட் என்பவரும் இதே பொருளில் ஆய்வு செய்து வந்தார்.

இனி உங்கள் முதல் கேள்வி. கணக்குக்காக, பெற்றோர் வரிசைகள் ஹெக்டேருக்கு 2 டன்னும் 3 டன்னும் விளைவதாகவும், அவ்விரண்டை மட்டும் சேர்த்த ஒற்றைக் கலப்பு 8 டன் விளைவதாகவும் வைத்துக்கொள்வோம். பெற்றோரின் சராசரி 2.5 டன், அதற்கு மேல் கலப்பினம் தரும் 5.5 டன்தான் கலப்பின வீரியம். அந்தக் கலப்பினத்தின் தானியத்தை விதைத்தால் வீரியத்தில் பாதி போய்விடும், அதாவது 2.75 டன் குறைந்து 5.25 டன் கிடைக்கும். ஆனால், ஆண்டுதோறும் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும் என்று பலர் சொல்வது சரியன்று. ஏராளமான செடிகள் தமக்குள் தாராளமாக மகரந்தம் பரிமாறிக்கொள்ளும் வயலில், இரண்டாம் தலைமுறைக்குப் பின் அந்த அளவிலேயே நிலைத்துவிடும். நான்கைந்து பெரிய கதிர்களை மட்டும் பொறுக்கி அவற்றிலிருந்தே விதை எடுத்தால்தான் உறவுக் கலப்பு மிகுந்து விளைச்சல் மேலும் சரியும். நம் ஊர்களில் பெரும்பாலும் இப்படித்தான் விதை எடுக்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கான விடை உங்களுக்கு மகிழ்ச்சி தராது. ஒரே ஒற்றைக் கலப்பிலிருந்து பிரித்தெடுத்த வரிசைகளைத் தமக்குள் கலந்தால், அந்தக் கலப்புகளின் சராசரி விளைச்சல் இரண்டாம் தலைமுறைப் பயிரின் விளைச்சலாகவே, அதாவது மேற்சொன்ன கணக்கில் 5.25 டன்னாகவே இருக்கும். உங்கள் வரிசைகள் எல்லாம் அதே இரண்டு பாட்டன்மாரின் மரபணுக்களைப் பங்கிட்டுக்கொண்டவை. எந்த இரண்டை எடுத்தாலும், மூலப் பெற்றோர் வேறுபட்டிருந்த இடங்களில் ஏறத்தாழப் பாதியில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். தேர்வினால் சராசரியைவிடச் சற்று மேலான கலப்பு ஒன்று கிடைக்கலாம். மூல வீரிய ஒட்டை மிஞ்சும் ஒன்று கிடைப்பது, உங்களிடம் உள்ள எண்ணிக்கையில், ஏறத்தாழ நடவாத காரியம்.

எனவே ஆண் பக்கமும் பெண் பக்கமும் வெவ்வேறு குடும்பங்களிலிருந்து வரவேண்டும். கொள்வினை கொடுப்பினையில் ஒரே குலத்துக்குள் பெண் எடுக்காத நம் வழக்கம் இங்கும் பொருந்தும். அமெரிக்க மக்காச்சோளத்தில் அயோவாவின் தடித்தண்டுக் கூட்டத்திலிருந்து வந்த பி73 என்ற வரிசையும், லங்காஸ்டர் வழியைச் சேர்ந்த எம்ஓ17 என்ற வரிசையும் சேர்ந்த கலப்பு, 1970களில் மிகப் பரவலாகப் பயிரிடப்பட்டது. அவர்கள் வரிசைகளை மேம்படுத்தும்போதும் ஒரு கூட்டத்துக்குள்ளேயே நல்லதோடு நல்லதைக் கலந்து புதிய வரிசை எடுப்பார்கள். விற்பனைக்கான கலப்பை மட்டும் இரு கூட்டங்களுக்கும் குறுக்கே செய்வார்கள். உங்கள் திடமான வரிசைகளை வீணாக்க வேண்டாம். அவற்றை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு, முற்றிலும் வேறான மூலத்திலிருந்து மறுபக்கத்தைத் தேடுங்கள்.

மூன்றாவது கேள்விதான் இந்தத் துறையின் உயிர்நாடி. நூறு வரிசைகள் இருந்தால் 4,950 ஒற்றைக் கலப்புகள் சாத்தியம். பழைய முறையில் நான்கு பெற்றோரைச் சேர்க்கும் இரட்டைக் கலப்புகளோ ஒரு கோடியே பதினேழு லட்சத்துக்கும் மேல். இவற்றையெல்லாம் விதைத்துப் பார்க்க எந்த நாட்டிலும் நிலம் கிடையாது. ஆகவே, எல்லா வரிசைகளையும் சோதிப்பான் எனப்படும் பொதுவான ஒரே மக்காச்சோளத்தோடு கலந்து, அந்த நூறு சோதனைக் கலப்புகளை மட்டும் வயலில் ஒப்பிடும் முறை 1927 முதல் வழக்குக்கு வந்தது. பல கலப்புகளில் சராசரியாக ஒரு வரிசை காட்டும் திறமையைப் பொது இணைவுத் திறன் என்றும், குறிப்பிட்ட ஒரு துணையோடு மட்டும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் காட்டும் திறமையைச் சிறப்பு இணைவுத் திறன் என்றும் 1942இல் ஸ்பிரேக், டேட்டம் ஆகிய இருவரும் பிரித்துக் காட்டினார்கள். முதலில் பொதுத் திறனைக் கொண்டு பெரும்பாலான வரிசைகளைக் கழித்துவிடுவதும், எஞ்சிய சிலவற்றுள் மட்டும் எல்லாச் சேர்க்கைகளையும் பார்ப்பதும் இன்றுவரை நடைமுறை.

வயலில் திடமாக நிற்கும் வரிசை நல்ல பெற்றோராகத்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். செடியின் உயரம், முதிர்ச்சி, நோய் எதிர்ப்பு போன்றவற்றில் வரிசையைப் பார்த்துக் கலப்பினத்தை ஓரளவு ஊகிக்கலாம். தானிய விளைச்சலில் அந்த ஊகம் மிகவும் வலுவற்றது. அடக்கமாக நிற்கும் வரிசை ஒன்று சோதனைக் கலப்பில் முதலிடம் பெறுவதும், கண்ணைக் கவரும் வரிசை கடைசிக்குப் போவதும் அன்றாடம் காணக்கூடியவை.

---

பதில்: விதைப்பண்ணை (விருத்தாசலம்)

மேலே எழுதிய ஐயாவின் விளக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், பெற்றோர் வரிசை பார்ப்பதற்கு எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, விதை உற்பத்தியாளர் என்ற நிலையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

விற்கும் விதை பெண் வரிசையின் கதிரில்தான் விளைகிறது. அந்தப் பெண் வரிசை ஏக்கருக்குச் சொற்பமாகவே விதை கொடுத்தால், கலப்பினம் எவ்வளவு சிறந்ததாயினும் அதன் விலை உழவருக்குக் கட்டுப்படியாகாது. ஷல் சொன்ன ஒற்றைக் கலப்பு உடனே வயலுக்கு வராததற்குக் காரணமே இதுதான். டொனால்ட் ஜோன்ஸ் 1910களின் இறுதியில் இரண்டு ஒற்றைக் கலப்புகளைத் தமக்குள் கலக்கும் இரட்டைக் கலப்பை முன்வைத்தபின், வீரியமுள்ள ஒற்றைக் கலப்பே பெண்ணாக நின்றதால் விதை மலிந்தது. வரிசைகளே திருந்தி வலுப்பெற்ற 1960களில்தான் அமெரிக்காவில் ஒற்றைக் கலப்பு பரவியது. இந்தியாவில் ஒருங்கிணைந்த மக்காச்சோளத் திட்டம் 1957இல் தொடங்கி, 1961இல் கங்கா 1, தக்கன் முதலிய இரட்டைக் கலப்புகள் வெளிவந்தன. ஒற்றைக் கலப்புக்கு, பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் பாரஸ் வெளிவந்த 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எனவே ஆண், பெண் இரண்டுக்கும் தேர்வு அளவுகோல் ஒன்றன்று. பெண் வரிசை நிறைய விதை பிடிக்க வேண்டும், சாயக் கூடாது, ஆண்பூக் கொத்தை எளிதில் பறிக்க விட வேண்டும். ஆண் வரிசை உயரமாக வளர்ந்து, மகரந்தத்தைப் பல நாட்கள் தாராளமாக உதிர்க்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்காவிட்டால், முந்திப் பூப்பதைச் சில நாள் தள்ளி விதைத்துச் சரிசெய்ய வேண்டும்.

உங்கள் குழுவுக்கு என் யோசனை வேறு. புதிய வரிசை எடுப்பதை ஒரு பக்கம் மெதுவாக நடத்துங்கள். அதோடு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட வீரிய ஒட்டு ஒன்றின் பெற்றோர் விதையை முறையாகப் பெற்று, விதை உற்பத்தியைக் கற்றுக்கொள்ளுங்கள். யு.எம்.ஐ 1200, யு.எம்.ஐ 1230 என்ற இரு வரிசைகளின் ஒற்றைக் கலப்புதான் கோ 6 மக்காச்சோளம். நான்கு வரிசை பெண்ணுக்கு இரண்டு வரிசை ஆண் என்று விதைத்து, வயலைச் சுற்றிலும் ஆண் செடிகளையே ஓர வரிசைகளாக நிறுத்தி, பெண் செடிகளின் ஆண்பூக் கொத்தை மகரந்தம் உதிருமுன் ஒரே இழுப்பில், இலையைக் கிழிக்காமல் பறிக்க வேண்டும். இது ஒரு நாள் வேலையன்று. பூக்கும் பருவம் முடியும்வரை தினமும் காலையில் வரிசை வரிசையாக நடந்து, விடுபட்ட கொத்தும் பக்கக் கிளைக் கொத்தும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆள் வரவில்லை என்று மகரந்தம் காத்திருக்காது. கலவன் செடிகளைப் பூக்குமுன் அகற்றுவதும், அறுவடையில் ஆண் வரிசைகளை முதலில் வெட்டி வெளியேற்றுவதும் மறக்கக் கூடாதவை.

மங்களூர், நல்லூர் ஒன்றியங்களில் இருக்கும் பெரிய இடையூறு பயிர் விலகு தூரம். சான்று விதைக்கு 200 மீட்டரும், பெற்றோர் வரிசையைப் பெருக்கும் வயலுக்கு 400 மீட்டரும் பிற மக்காச்சோளம் இருக்கக் கூடாது. புரட்டாசியில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மக்காச்சோளமே நிற்கும் ஊரில் இது நடவாது. ஊர் வயல்கள் அறுவடையான பின், தையில் ஆழ்துளைக் கிணற்றுப் பாசனத்தில் விதை வயலை வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்த வழி. விருத்தாசலம் பக்கம் அதற்கு இடமுண்டு.

---

பதில்: கரிசல்மண் (பெரம்பலூர்)

ஐயா இருவரும் விளைச்சலை ஒரே எண்ணாகப் பேசுகிறார்கள். மானாவாரிக்காரனுக்கு அது போதாது. எங்கள் மாவட்டத்திலும் உங்கள் திட்டக்குடிப் பக்கத்திலும் மழை பெய்யும் ஆண்டில் எல்லா வீரிய ஒட்டும் விளையும். கார்த்திகையில் மழை இரண்டு வாரம் தள்ளிப்போகும் ஆண்டில் எது கதிர் பிடிக்கிறது என்பதே எங்கள் கவலை.

பூக்கும் தறுவாயில் வறட்சி வந்தால் ஆண்பூ தன் நாளில் மலர்ந்துவிடும். பட்டிழை வெளிவருவது மட்டும் தாமதமாகும். இரண்டுக்கும் இடைவெளி நீள நீள, மகரந்தம் தீர்ந்தபின் பட்டிழை நீட்டும் கதிர் மணியில்லாமல் போகும். மெக்சிகோவிலுள்ள பன்னாட்டு மக்காச்சோளம், கோதுமை ஆராய்ச்சி மையத்தார், வறட்சியிலும் இந்த இடைவெளி குறுகியிருக்கும் செடிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தே வறட்சி தாங்கும் மக்காச்சோளத்தை உருவாக்கினார்கள். உறையிடும்போது நீங்கள் எப்படியும் ஒவ்வொரு செடியையும் பார்க்கத்தான் போகிறீர்கள். ஆண்பூ உதிரத் தொடங்கிய நாளையும் பட்டிழை தோன்றிய நாளையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். செலவில்லாத அளவீடு அது.

இன்னொன்று, செடி நெருக்கம். அமெரிக்காவில் 1930களின் கலப்பினங்களையும் பிற்காலத்தவற்றையும் அருகருகே விதைத்து டொனால்ட் டுவிக் செய்த ஒப்பீடுகளில், தாராள இடைவெளியில் தனிச்செடி விளைச்சல் அவ்வளவாக உயரவில்லை. நெருக்கி விதைத்தபோதுதான் புதியவை பழையவற்றை வெகுவாக விஞ்சின. ஹெக்டேருக்கு 30,000 செடிகளைத் தாங்கிய பயிரை 75,000க்கு மேல் தாங்க வைத்ததே அங்கு நடந்த மாற்றத்தின் பெரும்பகுதி. ஆகவே, அகல இடம் விட்டு நட்ட வரிசையில் பெருங்கதிர் போடும் செடியைப் பார்த்து மயங்காதீர்கள். நம் பரிந்துரையான 60 செ.மீ.க்கு 25 செ.மீ. என்ற இடைவெளியில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 66,600 செடிகள் நிற்கும். உங்கள் உழவர்கள் எந்த இடைவெளியில் விதைக்கிறார்களோ, அதே இடைவெளியில்தான் சோதனைக் கலப்புகளையும் ஒப்பிட வேண்டும்.

ஒப்பீட்டையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு கலப்பையும் வயலின் வெவ்வேறு இடங்களில் மூன்று முறையாவது, குலுக்கல் முறையில் இடம் ஒதுக்கி விதைத்து, நடுவில் கடையில் விற்கும் சிறந்த வீரிய ஒட்டையும் சேர்த்து, எல்லாத் தானியத்தையும் ஒரே ஈரப்பதத்துக்குக் கணக்கிட்டு எடை போடுங்கள். ஒரே ஆண்டை வைத்து முடிவு கட்ட வேண்டாம். அகில இந்திய மக்காச்சோளத் திட்டத்திலேயே மூன்று கட்டச் சோதனை நடக்கிறது. அடிச்சாம்பல் நோய்க்கு ஆளாகும் வரிசையை, விளைச்சல் எவ்வளவு இருந்தாலும், தொடக்கத்திலேயே கழித்துவிடுங்கள். தென்னிந்தியாவில் அந்த நோயைத் தாங்காத கலப்பினம் நிலைக்காது.

---

கேட்டவர்: வெள்ளாற்றங்கரை

மூவருக்கும் நன்றி. ஒரே மூலத்து வரிசைகளைக் கலந்தால் எங்கே முடியும் என்பது இப்போது விளங்குகிறது. இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. ஆறேழு தலைமுறை தற்கலப்புச் செய்யக் குறுக்குவழி ஏதும் உண்டா? தனியார் வீரிய ஒட்டிலிருந்து வரிசை எடுப்பதில் சட்டச் சிக்கல் வருமா?

---

பதில்: கொள்ளிடத்தான் (சிதம்பரம்)

குறுக்குவழி உண்டு, ஆனால் அது உங்கள் வயலில் நடவாது. தூண்டு வரிசை எனப்படும் ஒருவகை மக்காச்சோளத்தின் மகரந்தத்தை இட்டால், விதைகளில் சிறு பங்கு, தாயின் மரபணுத் தொகுதி ஒன்றை மட்டும் கொண்டதாக அமையும். தூண்டு வரிசையின் ஊதா நிறக் குறி முளைக்கருவில் தெரியாததைக் கொண்டு அந்த விதைகளைப் பொறுக்கி, நாற்றுகளைக் கோல்ச்சிசின் கரைசலில் நேர்த்தி செய்தால் தொகுதி இரட்டிப்பாகி, இரண்டே பருவங்களில் முழுத் தூய வரிசை கிடைத்துவிடும். கர்நாடகத்தின் குனிகலில் இதற்கான நிலையம் இயங்குகிறது. கோல்ச்சிசின் நச்சுப் பொருள். வீட்டில் வைத்துக் கையாளும் எண்ணம் வேண்டாம். இரண்டு பட்டங்களையும் பயன்படுத்தி ஆண்டுக்கு இரு தலைமுறை எடுத்தால் நீங்கள் மூன்று ஆண்டுகளில் அதே இடத்துக்கு வந்துவிடலாம். அதுவரை காத்திருக்காமல், இப்போதுள்ள மூன்றாம் தலைமுறையிலேயே சோதனைக் கலப்பைத் தொடங்கிவிடுங்கள். இணைவுத் திறனின் பெரும்பகுதி இந்நிலையிலேயே வெளிப்படும். தேறாதவற்றுக்கு மேலும் உறையிடும் உழைப்பு மிச்சமாகும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2001ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் பதிவு பெற்ற இரகத்தையும் ஆராய்ச்சிக்கும், புதிய இரகம் உருவாக்கும் மூலமாகவும் பயன்படுத்த இடம் தருகிறது. ஆனால், பதிவு பெற்ற இரகம் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பெற்றோராக வைத்து வணிக விதை உற்பத்தி செய்வதானால் அந்த இரகத்தைப் பதிவு செய்தவரின் இசைவு வேண்டும். தம் வயலில் விளைந்த விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பிறரோடு பரிமாறவும், விற்கவும் உழவருக்கு உரிமை உண்டு. பாதுகாக்கப்பட்ட இரகத்தின் விதையை வணிகப் பெயரிட்டுப் பொட்டலமாக்கி விற்பதற்கு மட்டும் அந்த உரிமை நீளாது. விருத்தாசலத்து நண்பர் சொன்னபடி பல்கலைக்கழகப் பெற்றோர் விதையை நாடுவதானால், கோயம்புத்தூரிலுள்ள பல்கலைக்கழக விதை மையத்தில் பட்டத்துக்கு வெகு முன்பே எழுதிக் கேளுங்கள். பெற்றோர் வரிசை விதையைக் கடையில் சென்று வாங்குவதுபோல் நினைத்த நாளில் பெற முடியாது.